வசனம் வேண்டாம், விஷயத்தைச் சொல்லு

"சாலொமோனுக்கு அப்புறம் யாரு?"

"ரெகொபெயாம்."

"அவருக்கு அப்புறம்?"

என் கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "சொல்லாத, சொல்லாத, வருது," என்றார். வரவில்லை.

"அபியா," என்றேன்.

"அபியா. அபியா. அபியா," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டார்.

என் மடியில் வேதாகமம் விரித்திருந்தது. பக்கத்தில் முறம் நிறைய அரிசி. ஒரு பேரைச் சொல்வேன், ஒரு கல்லைப் பொறுக்குவேன். மைசூரின் டிசம்பர் குளிரில் சமையலறைதான் எங்கள் வீட்டில் சூடான இடம். அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் என்ன ஒரு பக்தியுள்ள குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் தமிழ்ச் சபையில் ஆண்கள் முறை வைத்து வேதபாடம் வாசிப்பார்கள். அந்த வாரம் இவர் முறை. வந்து விழுந்ததோ மத்தேயுவின் முதல் அதிகாரம். இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று வரிசையாகப் பேர்கள். புத்தகத்தைப் பார்த்து வாசிப்பவர்களுக்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். இவர் பார்க்காமல் வாசிக்க வேண்டும். ஏனென்றால் பார்த்தால் ஒரு எழுத்தும் தெரியாது.

மறுநாள் மனுஷன் போய் நின்றார். புத்தகத்தைத் திறந்தார். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் கூடத் திருப்பினார். ரெகொபெயாமிலிருந்து நேராக ஆசாவுக்குத் தாவிவிட்டார். அபியா என்கிற மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமை மைசூரில் பிறக்கவே இல்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் சுற்றிலும் பார்த்தேன். சபையில் ஒருவரும் அசையவில்லை. யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பேரை மாத்தாதே

இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் அவரிடம் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். இந்தத் தொடரில் என் மாமியார், வாடகை வீட்டு ஓனர், என் தம்பி எல்லாரையும் சந்திக்கு இழுத்தாயிற்று. இவர் மட்டும் இதுவரை நல்லபிள்ளையாக வந்து போய்க்கொண்டிருந்தார்.

"என் முறை வந்துடுச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேண்டுமானால் எனக்குத் தெரிந்த ஒருவர் என்று எழுதி மறைத்துவிடுகிறேன் என்றேன்.

"பேரை மாத்தாதே. ஞானராஜ்னே போடு," என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மறுபடியும் விரித்துக்கொண்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போகத் தெரியும்.

அப்போது அவர் மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் கம்பெனி பஸ் டிரைவர். விடியும் நேரத்தில் டவுனுக்குள் சுற்றி முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அவர்களையே திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வந்து வெகுநாளாகிவிட்டதால் பிள்ளைகள் வீட்டில் கன்னடத்தில்தான் சண்டை போடுவார்கள். சபையில் மட்டும் தமிழ்ப் பாட்டு.

நாற்பதைத் தாண்டியதும் அவருக்குக் கண் மங்கிவிட்டது. தூரமும் சரியில்லை, கிட்டமும் சரியில்லை. இரண்டுக்கும் சேர்த்து நடுவில் கோடு போட்ட கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டால் தாலுகா ஆபீஸ் தலைமை குமாஸ்தா மாதிரி இருப்பார். அதைச் சொன்னால் கோபம் வரும். வரட்டும் என்று நானும் அடிக்கடி சொல்வேன்.

மேடையில் விட்டு வந்த கண்ணாடி

அந்த வருஷம் கோடையில் மைசூரில் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர் பிரசங்கம் செய்தார். திறந்த மைதானம், பெரிய பந்தல், ஒலிபெருக்கி. கடைசி நாள் சுகத்துக்காக ஜெபித்தார். "விசுவாசிக்கிறவன் இனி எதற்குக் கைத்தடியைப் பிடிக்கிறான், எதற்குக் கண்ணாடியை மாட்டுகிறான், கொண்டுவந்து மேடையில் வை," என்றார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து போனார். நான் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் போய்விட்டார். கண்ணாடியைக் கழற்றி மேடையில் வைத்தார். மைக்கைக் கொடுத்தார்கள். "எனக்கு வெளிச்சம் நல்லா தெரியுது," என்றார். பந்தல் முழுக்க அல்லேலூயா.

அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷம் அவருக்கு நிஜமாகவே தெரிந்ததாம். அழுது நிறைந்த கண்ணில் விளக்கெல்லாம் பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பது என் கட்சி. இன்றைக்கும் இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

மறுநாள் காலை காப்பி டம்ளருக்குப் பதில் பக்கத்திலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். "என்னங்க, கண்ணு எப்படி இருக்கு?" என்றேன்.

"சுகம்," என்றார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசித்தால் உடம்பு என்ன சொன்னாலும் வாய் "சுகம்" என்றே சொல்ல வேண்டும். சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை பேசினால் வந்த சுகமும் ஓடிவிடும். அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடம் இந்தப் போதனை காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. இது என்ன வைத்தியம் என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் கேட்டால் அவிசுவாசி என்ற பட்டம் கிடைக்கும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கர்த்தர் சுகமாக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் கைவிட்ட என் தங்கை பிழைத்து எழுந்ததைக் கண்ணால் கண்டவள் நான். கிடைத்ததைக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. எங்கள் போதகர் அடுத்த ஞாயிறே இவரை முன்னால் நிறுத்தி, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த வீட்டுக் கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். சபைக்குப் புதிதாக ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு, "அதோ, அந்த பஸ் டிரைவர்தான்," என்று இவரைக் காட்டுவார்கள். அப்படிப்பட்டவர் எப்படித் திரும்பக் கண்ணாடிக் கடைக்குப் போவார்? வேதபாடத்தை நான் படித்துக் காட்ட, அவர் மனப்பாடம் செய்யும் பழக்கம் அப்போதுதான் ஆரம்பித்தது.

பெயர் சொல்ல விரும்பாத சகோதரர்

இங்கே இன்னும் இரண்டு பேரை அறிமுகப்படுத்த வேண்டும்.

ஒருவர் மாதப்பன், கட்டட மேஸ்திரி. கோபிநத்தம் பக்கத்து ஆள். வேலைக்காக மைசூர் வந்து, மெல்ல மெல்ல எங்கள் சபைக்கு வந்தவர். இன்னொருவர் எபி. எபினேசர் என்பது முழுப்பேர். என் கணவரின் தொழிற்சாலையிலேயே வெல்டர், கல்யாணமாகாதவன். இவர் ஓட்டும் பஸ்ஸில்தான் தினமும் வேலைக்குப் போவான்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் போட்டு உட்கார்ந்து ஜெபிப்பார்கள். முதலில் அது மற்ற ஜெபக்கூட்டம் மாதிரிதான் இருந்தது. எங்கள் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜெப விண்ணப்பம் சொல்லும்போது ஆளின் பேரைச் சொல்ல மாட்டார்கள். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரருக்காக ஜெபியுங்கள், அவர் ஒரு பலவீனத்தில் இருக்கிறார்," என்பார்கள். நாகரிகத்துக்காக வந்த பழக்கம். ஆனால் பாதி நேரம் அந்தச் சகோதரர் யார் என்றால், சொல்கிறவரேதான்.

ஒரு சனிக்கிழமை எபி, திருட்டுத்தனமாகச் சிகரெட் பிடிக்கும் ஒரு சகோதரருக்காக விண்ணப்பம் வைத்தான். என் கணவர், மனைவியிடம் கத்திவிட்டு மன்னிப்புக் கேட்காத ஒரு சகோதரருக்காக வைத்தார். அடுப்படியிலிருந்து நான், "அந்தச் சகோதரர் மனைவி இன்னும் சாப்பிடலன்னும் சேத்துச் சொல்லுங்க," என்று குரல் கொடுத்தேன். முதலில் மாதப்பன் சிரிக்க ஆரம்பித்தார், அப்புறம் மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏனுங்கண்ணா, இந்த ரூமுல நாம மூணு பேருதானுங் இருக்கறோம். வேற எந்தச் சகோதரனையும் இனி உள்ள உடோண்டாம்," என்றார் மாதப்பன்.

அன்றிலிருந்து சட்டம் மாறியது. ஒருவர் மற்றவரைப் பார்த்து, இந்த வாரம் எப்படிப் போச்சு என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் "கர்த்தருடைய கிருபையால்" என்று வேதாகமத் தமிழில் ஆரம்பித்தால், மற்ற இருவரும், "வசனம் வேண்டாம், விஷயத்தைச் சொல்லு," என்பார்கள். எபி சிகரெட்டை விட்டது அந்தப் பாயில்தான். கூலியாட்களைக் கை நீட்டி அடிப்பதை மாதப்பன் நிறுத்தியதும் அங்கேதான். என் வீட்டுக்காரர் என்னிடம் கத்துவது முழுதாக நிற்கவில்லை, ஆனால் மன்னிப்புக் கேட்பது ஒழுங்காக நடந்தது.

அப்படிப்பட்ட பாயில்கூட கண் விஷயம் மட்டும் தப்பித்துக்கொண்டது. எபி ஒருதரம் கேட்டிருக்கிறான். இவர் ஒரு வசனத்தைச் சொன்னார். வேறு எதற்கும் வசனத்தை அனுமதிக்காத இருவரும் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். கர்த்தர் செய்ததைச் சோதிப்பது பாவமாகிவிடுமோ என்று பயம்.

பானெட்டில் உட்கார்ந்த எபி

அபியாவை விட்ட ஞாயிற்றுக்கு அடுத்த வாரம், ஒரு நாள் எபி மட்டும் தனியாக வீட்டுக்கு வந்தான். வேலை முடிந்து நேராக வந்திருந்தான். இவர் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வர நேரமாகும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காப்பி கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தான்.

"அக்கா, அண்ணனுக்குக் கண்ணு தெரியுதா?" என்றான்.

"ஏன் கேக்கற?" என்றேன்.

சொன்னான். கன்வென்ஷன் முடிந்து கொஞ்ச நாளிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று சொல்லி, டிரைவர் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பானெட் மேல் இடம் பிடித்திருக்கிறான். அங்கே உட்கார்ந்துகொண்டு பேச்சுக் கொடுக்கிற மாதிரியே வழி சொல்லியிருக்கிறான். "அண்ணே, அந்த டாங்காக்காரன் குதிரையைப் பாருங்க." "அண்ணே, ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கானுங்க, எவன் காண்ட்ராக்டோ." இவரும் வளவளவென்று பேசுகிற பையன் என்று நினைத்துக்கொண்டே அவன் சொன்ன பக்கம் ஓட்டியிருக்கிறார்.

"முந்தாநாள் காலையில பனி ஜாஸ்தி அக்கா. ஒரு அம்மா பூக்கூடையோட ரோட்டைத் தாண்டுனாங்க. நான் பின்னால திரும்பி ஒருத்தன்கிட்ட பேசிட்டிருந்தேன். திரும்பிப் பாத்தா, எதிர்ல அந்தம்மா. கத்தினேன். அண்ணன் பிரேக் போட்டாரு. அந்தம்மா கூடையை விட்டுட்டுப் பின்னால விழுந்தாங்க. கூடை மேல சக்கரம் ஏறிடுச்சு."

"அந்தம்மாவுக்கு?"

"ஒண்ணும் ஆகல. எந்திரிச்சு நம்மளை நல்லா திட்டுனாங்க. பூவுக்குக் காசு குடுத்தோம். ஆனா அக்கா, அண்ணன் என்னைப் பாத்து, எதுக்குடா கத்தினன்னு கேட்டாரு. இறங்கிப் போய் டயர்ல மல்லிகைப் பூவைப் பாத்த பிறகுதான் அவருக்கு ஆள் இருந்ததே தெரியும்."

இவர் அன்று வீட்டுக்கு வந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டார். வேதபாடம் மட்டும்தான் விஷயம், சபைக்குள் நடக்கும் சின்ன நாடகம் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்கவே எனக்குத் தைரியம் வந்ததில்லை. நான் வீட்டில் அவருக்குக் கண்ணாக இருந்தேன். எபி ரோட்டில் கண்ணாக இருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பாசத்தால்தான் செய்தோம். அந்தப் பாசம் ஒரு பூக்காரியைக் கொன்றிருக்கும்.

"நாளைக்கு நான் லீவு போட்டா, இல்ல காய்ச்சல்ல விழுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டான் எபி. அடுத்த நாள் சனிக்கிழமை.

நான் உட்கார்ந்த சனிக்கிழமை

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல மூவருக்கும் டீ கொண்டுபோய் வைத்தேன். வழக்கமாக உடனே உள்ளே போய்விடுவேன். அன்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன?" என்றார் இவர்.

"சும்மாதான்," என்றேன்.

மாதப்பன் எபியைப் பார்த்து, "எப்படிப்பா போச்சு வாரம்?" என்றார்.

எபி தலையைக் குனிந்துகொண்டு பேசினான். "நான் ரொம்ப நாளா ஒரு பொய் சொல்லிட்டிருக்கேன். எனக்கு பஸ்ல வாந்தி வராது. அண்ணனுக்கு ரோடு தெரியல, அதனாலதான் முன்னால உக்காந்து வரேன்."

என் கணவரின் முகம் சிவந்தது. "டேய், என்ன பேசற நீ?"

"எனக்கும் தெரியும்," என்றேன். "நான்தான் பாடம் படிச்சுக் குடுக்கறேன்."

அவர் சட்டென்று எழுந்துவிட்டார். எங்களைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார். "என் விசுவாசத்தைக் கொல்றதுக்கு ரெண்டு பேரும் சேந்து உக்காந்திருக்கீங்களா?" என்றார். மாதப்பனைத் திரும்பிப் பார்த்தார். அவராவது தன் பக்கம் பேசுவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

மாதப்பன் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அண்ணா, போன மாசம் மார்க்கெட்டுல எதுத்தாப்புல வந்தனுங். என்னைப் பாத்து யாரோ மாதிரி 'நமஸ்காரா'ன்னு கன்னடத்துல சொல்லீட்டுப் போனீங். அப்பவே எனக்கு வெளங்கிப் போச்சுங். நானும் கேக்கலீங். அது என் தப்புதானுங்."

இவர் திரும்ப உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார். "நான் கண்ணாடி போட்டா, என்னை நம்பி வந்தவங்க என்ன நெனப்பாங்க? கர்த்தர் செய்யலைன்னு ஆயிடும். அவரு பேரு கெட்டுப் போகும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வறட்டு ஜம்பம் என்று நினைத்து மாதக்கணக்காக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் கர்த்தரின் மானத்தைத் தன் இரண்டு கண்ணில் தாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"சாமியைக் காப்பாத்தறதுக்கு நாம பொய் சொல்லோணுமாங்?" என்றார் மாதப்பன்.

இவர் எபியிடம் திரும்பி, "அந்தம்மா எவ்வளவு தூரத்துல இருந்தாங்க?" என்று கேட்டார்.

எபி தன் இடத்திலிருந்து சுவர் வரைக்கும் கையைக் காட்டினான். எங்கள் முன்னறை ரொம்பச் சின்னது.

"எனக்குத் தெரியவே இல்லடா," என்று சொல்லிவிட்டு அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மாதப்பன் அவர் முதுகில் கை வைத்தார். அன்று யாரும் ஜெபிக்கவில்லை. டீயைக்கூட யாரும் தொடவில்லை. ஆனால் அந்தப் பாயில் நடந்ததைவிடப் பெரிய ஜெபம் எதுவும் எனக்கு நினைவில்லை.

சாட்சி நேரம்

மறுநாள் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி நேரம் வந்தது. இவர் எழுந்து முன்னால் போனார். வழியில் ஒரு பெஞ்சில் முட்டிக்கொண்டார். இன்னொரு நல்ல சாட்சி என்று எல்லாரும் சிரித்த முகமாக நிமிர்ந்தார்கள்.

"எனக்குக் கண்ணு சுகமாகல," என்றார். "சுகமாச்சுன்னு சொன்னேன். அன்னைக்கு அப்படித்தான் தோணுச்சு. மறுநாளே தெரியும், இல்லைன்னு. ஆனாலும் சொல்லிக்கிட்டே இருந்தேன். பாடமெல்லாம் மனப்பாடம் பண்ணித்தான் வாசிச்சேன். கண்ணு தெரியாம பஸ் ஓட்டினேன். நம்ம சபை ஆளுங்களே அதுல வராங்க. ஒரு அம்மாவை ஏத்தியிருப்பேன். என்னை மன்னிச்சிருங்க. கர்த்தரை ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, அவரு பொய் சொல்லல."

கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "இதையெல்லாம் சபையில ஏன் பேசணும்? தனியா போதகர்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார். அவர் முடிப்பதற்குள் எபி எழுந்து, "எனக்கும் தெரியும், நானும் மறைச்சேன்," என்றான். மாதப்பன் எழுந்து நின்றார். பெண்கள் பக்கத்தில் நானும் எழுந்தேன். போதகர் பாட்டு எண்ணை அறிவித்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், தெரிந்த முகமெல்லாம் வேறு பக்கம் பார்த்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, யாரையும் ஒன்றும் சொல்லிவிடவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்தார். சர்க்கரை வியாதிக்காரர். அவரும் அதே கன்வென்ஷனில் சுகம் பெற்றதாகச் சாட்சி சொன்னவர்.

"எஸ்தர், நான் மாத்திரையை நிறுத்திட்டேன். தலை சுத்துது, கால் மரத்துப் போகுது. யார்கிட்டயும் சொல்லல," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்குப் போய்ப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். வயதில் என்னைவிடப் பெரியவர். என்னிடம் அனுமதி கேட்டார்.

"போட்டுக்கோங்கம்மா. நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்," என்றேன். அந்த ஒரு கேள்விக்காக இவர் சபையில் பட்ட அவமானம் அத்தனையும் தகும் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. அந்த அம்மா அதன் பிறகு வெகுகாலம் நன்றாக இருந்தார்.

திங்கட்கிழமை இவர் பஸ்ஸை எடுக்காமல் நேராகக் கம்பெனிப் போக்குவரத்து அதிகாரியிடம் போனார். "ஏன்ரீ, இஷ்டு தினா ஹீகேயா?" இத்தனை நாளாக இப்படியா என்று அவர் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். வாங்கிவிட்டு, வேலையை விட்டு நீக்காமல் ஷெட்டில் பஸ் கழுவும் வேலை கொடுத்தார். புதுக் கண்ணாடி போட்டு, கண் டாக்டரின் சர்டிபிகேட் வாங்கி, பரீட்சை ஓட்டம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் சாவி கைக்கு வந்தது. ரிட்டையராகும்வரை அவர் கையால் ஒரு கோழிகூட அடிபடவில்லை. அந்த அதிகாரிக்கும் நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். வேறு ஆளாக இருந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

கேட்காத கேள்வி

அந்த வாரம் சனிக்கிழமை மூவரும் பாயில் உட்கார்ந்த நேரம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. போதகரும் அவர் மனைவி பாஸ்டரம்மாவும் இறங்கினார்கள். கண்டிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. இவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். போதகர் அதில் உட்காராமல் பாய்க்குப் பக்கத்தில் நின்றார்.

"ஞானராஜ், அன்னைக்கு நீங்க அபியாவை விட்டுட்டீங்க," என்றார்.

இவர் திகைத்துப் போனார்.

"எனக்கு அப்பவே தெரிஞ்சுது, நீங்க பாத்து வாசிக்கலன்னு. நீங்க பஸ் ஓட்டறவர்னும் தெரியும். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. சபைக்குப் புதுசா ஆளுங்க வந்துட்டிருந்தாங்க. கேக்க பயந்துட்டேன்." கீழே பாயைப் பார்த்தார். "எல்லாரையும் விசாரிக்கிறது என் வேலை. என்னை விசாரிக்க யாரும் இல்ல. நானும் இப்படி வந்து உக்காரலாமா?"

மாதப்பன் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்கய்யா. ஆனா நாங்க கேப்போமுங்க."

"கேளுங்க," என்று சொல்லி போதகர் செருப்பைக் கழற்றினார்.

நான் டீ போட உள்ளே போனேன். பாஸ்டரம்மாவும் பின்னாலேயே வந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. சபையில் எங்கள் எல்லாரையும்விட மெதுவாகப் பேசுகிறவர். எப்போது பார்த்தாலும் சிரித்த முகம். வீட்டில் என்ன விசேஷம் என்று யார் கேட்டாலும், "கர்த்தர் நல்லவர்," என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவரிடம் பேச ஒன்றுமிருக்காது.

அந்த வாரம் முழுக்க மனசில் கிடந்த எரிச்சல் அவரிடம் வெளியே வந்துவிட்டது. "ஆம்பளைங்களுக்கு ஒரு பாய் இருக்கு, கேக்க ஆள் இருக்கு பாஸ்டரம்மா. ஆறு மாசமா இந்தப் பொய்யை நானும்தான் சுமந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல," என்றேன்.

அவர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ஆறு மாசமா," என்றார். "நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து நல்லா இருக்கேன்னு சொல்லிட்டிருக்கேன், எஸ்தர்."

முன்னறையில் எபி ஏதோ கேட்பதும், போதகர் தயங்கித் தயங்கிப் பேசுவதும் கேட்டது. நான் அடுப்பை அணைத்தேன். அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவரை எனக்கு அத்தனை வருஷமாகத் தெரியும். அந்தக் கேள்வியை அதற்கு முன் நூறுதரம் கேட்டிருப்பேன். பதில் வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.